சர்வர் வேலையில் உங்கள் மதிப்பை மேனேஜருக்குக் காட்டுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எதுவும் விழாமல் இருந்தால் நான் என்ன செய்தேன் என்றே தெரிவதில்லை. மேனேஜரிடம் என்ன சொல்ல?

மாதக் கடைசியில் ஒரே ஒரு பக்கம் அனுப்புங்க. முதல் வரியில் சர்வர் நின்ற நேரம். 99.9% ஓடும் என்று வாக்கு கொடுத்திருந்தால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம். 99.99% என்றால் நாலு நிமிடம் சொச்சம்தான். "43 நிமிடத்தில் 6 நிமிடம் போனது" என்று எழுதுங்க. வெறும் சதவீதம் யார் மனசிலும் நிற்காது.

அதற்குக் கீழே, வராமல் தடுத்தவை. இப்படி: "பில்லிங் டேட்டாபேஸ் டிஸ்க் 91% நிறைந்திருந்தது. நாளுக்கு 1.5% ஏறியது. ஆறு நாளில் பில் போடுவது நின்றிருக்கும். பழைய லாக்குகளைச் சுருக்கி 64%-க்குக் கொண்டுவந்தாச்சு, லாக் சுழற்சியும் (பழைய பதிவுகள் தானாகவே சுருங்கி நீங்கும் ஏற்பாடு) போட்டாச்சு." என்ன கோளாறு, எப்போது வெடிக்கும், யார் வேலை நிற்கும், என்ன செய்தோம் என்ற நாலும் இதில் இருக்கு. மானிட்டரிங் கிராஃபையும் இணைச்சிடுங்க.

ஒரு எச்சரிக்கை: "பத்து லட்சம் மிச்சம்" என்று நீங்களாகக் கணக்குப் போடாதீங்க. ஃபைனான்ஸ்காரர் ஒரு கேள்வி கேட்டால் போதும், மொத்தப் பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க.

கேள்வி: தினமும் பேக்கப் எடுக்கிறேன். யாரும் கண்டுகொள்வதில்லை.

பேக்கப்பைத் திருப்பி ஏற்றிக் காட்டுங்க, அப்போ கண்டுக்குவாங்க. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்து நிர்வகிக்கும் தளமான கிட்லேப்பில், தவறான சர்வரில் டேட்டாபேஸ் அழிந்தது. தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் கருவியின் பதிப்பு டேட்டாபேஸோடு ஒத்துப்போகாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கு. தோல்வியைச் சொல்லும் மெயிலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) காப்பாற்றியது.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்தத் தேதியின் பேக்கப் என்று மேனேஜரையே சொல்லச் சொல்லுங்க. தனி மெஷினில் ஏற்றி, முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கையைச் சரிபார்த்து, "400 ஜிபி, 2 மணி 40 நிமிடம்" என்பதுபோல நேரத்தோடு எழுதிக் கொடுங்க.

கேள்வி: மாதம் 180 டிக்கெட் (ஊழியர்கள் பதிவு செய்யும் உதவிக் கோரிக்கை) முடிக்கிறேன். இதைக் காட்டினால் போதாதா?

போதாது.

அதே நண்பர்: எங்கள் ஆபீசில் அந்த எண்ணை வைத்துத்தான் சார் ரேட்டிங்!

இன்னொருவர்: பாஸ்வேர்டு ரீசெட்டை மட்டும் அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்தான் அப்போ முதலிடம். இரண்டு நாள் உட்கார்ந்து மூலக் காரணத்தைச் சரிசெய்தவருக்கு ஒரே டிக்கெட்.

முதல் நண்பர்: எண்ணைக் காட்டாவிட்டால் ரேட்டிங் விழும். நியாயம் பேசி என்ன பயன்?

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. எண்ணை மறைக்கச் சொல்லவில்லை, உடைத்துக் காட்டுங்க. 180-ஐக் காரணவாரியாகப் பிரிங்க. பாஸ்வேர்டு ரீசெட் 55 என்றால், ஊழியர்களே மாற்றிக்கொள்ளும் பக்கத்தைப் போட்டு, அடுத்த மாதம் அது எவ்வளவு குறைந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்க. மொத்த எண் குறையப்போகிறது என்பதை முன்கூட்டியே மேனேஜரிடம் சொல்லிவிடணும். சொல்லாமல் விட்டால் வேலை குறைந்துவிட்டது என்று உங்கள் டீமில் ஒரு ஆளைக் குறைப்பாங்க.

கேள்வி: புதிதாக எதையாவது செய்து பெயர் வாங்க வேண்டும். எதை எடுக்கலாம்?

டிஎல்எஸ் சான்றிதழ்கள், அதாவது இணையதளம் அசல்தான் என்று காட்டி https இணைப்பைப் பாதுகாப்பவை. பிரவுசர்கள் நம்பும் பொதுச் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. கையால் புதுப்பிக்கிற ஆபீஸ் தாக்குப்பிடிக்காது. எந்தெந்தச் சான்றிதழ், எந்த சர்வர், யார் பொறுப்பு, எப்போது காலாவதி என்று முதலில் பட்டியல் போடுங்க. பிறகு ஆக்மி (ACME, சான்றிதழைத் தானாக வாங்கிப் புதுப்பிக்கும் நெறிமுறை) வழியாகத் தானாகப் புதுப்பிக்க வைங்க. லோட் பேலன்சரையும் (வருகிற டிராஃபிக்கைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) பழைய பிரின்டர்களையும் விட்டுடாதீங்க, பெரும்பாலும் மாட்டுவது அங்கேதான்.

கேள்வி: நாளைக்கு அப்ரைசல். ஒன்றுமே ஞாபகம் இல்லை!

அனுப்பிய மெயில், காலண்டர், கிட் லாக் (கோடில் செய்த மாற்றங்களின் பதிவு), மாற்றக் கோரிக்கைகள். இந்த வரிசையில் ஒரு மணி நேரம் தேடுங்க.

கேள்வி: எதுவும் நடக்காத மாதத்தில் என்ன எழுத?

முதல் பதிலைப் படிங்க.

கேள்வி: மேனேஜரின் மேலதிகாரிக்கும் சிசி போடலாமா?

கூடாது. மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு மேலே போகிற மாதிரி எழுதிக் கொடுங்க.

கேள்வி: எத்தனை சதவீதம் ஊதிய உயர்வு கேட்கலாம்?

இது என் துறை இல்லை. எச்.ஆர். தெரிந்தவரைக் கேளுங்க.

கேள்வி: கிளவுட் செலவைக் குறைத்தேன். ரூபாயில் எழுதக் கூடாது என்றீர்களே?

இதை எழுதலாம், பில் கையில் இருக்கு. ஆனால் மொத்த பில்லை ஒப்பிடாதீங்க. நீங்கள் தொட்ட சேவையின் வரியை மட்டும், இரண்டு முழு மாதத்துக்கு எடுங்க. அந்த மாதம் டிராஃபிக்கே குறைந்திருந்தால் அதையும் எழுதுங்க. எந்த மெஷினோடும் சேராத டிஸ்க்குகளை அழித்ததால் குறைந்தது என்றால், அழிக்கும் முன் யாரிடம் ஒப்புதல் வாங்கினீங்க என்பதும் அந்த வரியிலேயே இருக்கணும்.