பத்து வருஷம் கழித்துப் போனால் தீம் பார்க் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

கேள்வி இதுதான்: "மதுரைப் பக்கம் சின்ன வயதில் போன தண்ணீர்ப் பூங்காவுக்கு இப்போது பிள்ளைகளோடு போனால் பாதி ரைடைக் காணோம், ஸ்லைடெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. பராமரிப்பே இல்லையா?"

வெளுத்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஃபைபர் ஸ்லைடின் மேல்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். நம்ம ஊர் வெயிலில் அது மெல்ல மெல்லச் சுண்ணாம்பாக உதிரும்; வெளிப்பக்கம் விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். அது வெறும் அழகுக் குறை. உள்பக்கம் ஜெல்கோட் தேய்ந்து கண்ணாடி இழை தலைகாட்டினால்தான் வினை: முதுகு அரிக்கும், கீறும். அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, புது ஜெல்கோட் பூச வேண்டும். ஈரம் போகாமல் அவசரத்துக்குப் பூசினால் கொப்புளம் கட்டி உரிந்து வரும்.

அதைவிட முக்கியம் மூட்டு. ஸ்லைடு என்பது துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தது. மூட்டில் கீழ்த்துண்டின் விளிம்பு ஒரு நூல் தாழ்ந்திருக்கலாம், உயர்ந்திருக்கவே கூடாது. இரண்டு மில்லிமீட்டர் எழும்பினாலும் வேகமாக வருகிறவரின் முழங்கையைச் சீவிவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழம் போதாவிட்டால் தூண் அசையும், மூட்டு எழும்பும்.

இரும்பு ரைடுகளின் கதை வேறு. சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்தை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டுவதால் இணைப்பு ஆணியும் போல்ட்டும் கண்ணில் பட்டுவிடும். நிலையாக நிற்கும் ரைடில் வெல்டிங் விரிசல் பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தடவி ஊறவிட்டு, துடைத்து, டெவலப்பர் என்கிற, சாயத்தை உறிஞ்சும் வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு கசிந்து வரும். புதுப் பெயின்ட் அடித்த ரைடைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பழைய ரைடைத் தூக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் உதிரிபாகம் கிடைக்காதது. இன்னொன்று கணக்கு: 20 சீட், ஓட 3 நிமிஷம், ஏறி இறங்க 3 நிமிஷம் என்றால் மணிக்கு 200 பேர்தான். வரிசை நீளும்போது அந்த இடம் வேறு ரைடுக்குப் போய்விடும். ஆனால் தொட்டி, பள்ளம், தண்டவாளம் போன்றவற்றை முடிந்தவரை விட்டுவைப்பார்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1959-இல் வந்த நீர்மூழ்கி ரைடை 1998-இல் மூடினார்கள். 2007-இல் அதே குளத்தில், டீசலுக்குப் பதில் மின்சாரத்தில், புதுக் கதையோடு திறந்தார்கள்.

மதுரையில் பூங்காவைச் சீக்கிரம் கிழடாக்குவது தண்ணீர்தான். 1000 சதுர மீட்டர் குளத்தில் கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 6000 லிட்டர் போச்சு. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். அதன்மேல் உப்புக் கரிக்கும் போர்த்தண்ணீரை விட்டு விட்டு நிரப்பினால் வருஷா வருஷம் பைப்புக்குள் பொருக்கு ஏறும். ஸ்லைடு உச்சியில் தண்ணீர் குறையும், ஆள் பாதியில் நிற்பார். தண்ணீர் விழும் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தடிப்பாக இருந்தால் உள்ளேயும் அதே நிலைதான்.

ஃபில்டர் மணலை ஐந்து முதல் ஏழு வருஷத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மணல் கட்டிதட்டி, தண்ணீர் ஒரே ஓட்டை வழியாக வடிகட்டப்படாமல் ஓடும். நிழலுக்கு வைத்த வேம்பு வளர்ந்து, கூட்டம் பொங்கும் சித்திரையில்தான் பூவைக் கொட்டும். குளத்தோர வடிகூடையை அப்போது ஒரு நாளில் பல தடவை அள்ளிக் கொட்ட வேண்டும்.

நீங்கள் போனால் நிறத்தைப் பார்க்காதீர்கள். குளத்தின் ஆழமான இடத்தில் அடித்தரைக் கோடு தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் மருந்து அதிகம் என்று நினைக்க வேண்டாம். வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து குளோரின் கெட்டுப்போன வாடை அது. கிருமியைக் கொல்லும் குளோரின் அங்கே குறைவாகவே மிச்சமிருக்கும்.