33 வயதில் எனக்கு எதற்கு உயில்?

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. என் சம்பளத்தில் வாங்கிய அடுக்குமாடி வீடு என் பெயரில் இருக்கிறது. அப்பா தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த 5 சென்ட் மனையும் உண்டு. அலுவலகத் தோழி, "உடனே உயில் எழுது" என்கிறாள். மாமியாரோ, "வாழ வேண்டிய வயதில் இதென்ன பேச்சு!" என்று கோபிக்கிறார். அப்பாவே இன்னும் எழுதவில்லை. எனக்குத் தேவையா? - வாசகி, திருச்சி.

பதில்: தேவைதான். அப்பாவைவிட உங்களுக்கே அவசரம். அவர் எழுதாமல் போனாலும் சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் (அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும்) சமமாகப் போகும். அவர் மனதில் இருப்பதும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும். உங்கள் நிலைமை வேறு.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொத்துக்குத் தனி வரிசை வைத்திருக்கிறது. முதலில் கணவரும் பிள்ளைகளும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். பெற்ற தாய் தந்தையர் அதற்கும் பிறகுதான். கணவருக்குப் போவதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது. ஆனால் அவர் உங்களுக்கு முன்பே போய்விட்டால், நீங்கள் தவணை கட்டிய வீடு மாமியாருக்குப் போகும். அவரும் இல்லையென்றால் மாமனார், கொழுந்தன், நாத்தனார் என்று போகும். உங்கள் அம்மாவுக்கு ஒரு செங்கல்கூட வராது.

மனை விஷயம் இன்னும் வேடிக்கை. பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து, பிள்ளையில்லாத பெண்ணின் காலத்துக்குப் பின் தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். ஆனால் செட்டில்மென்ட்டில் வந்தது வாரிசாக வந்ததாகாது. அப்பா ஆசையாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததாலேயே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

இது கற்பனைக் கவலை இல்லை. 1955-இல் திருமணமான பெண் ஒருவர், மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவரை இழந்தார். புகுந்த வீட்டார் துரத்திவிட, பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கிப் பணத்துக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் தாயாரும் கேட்டார். கணவரின் சகோதரி மகன்களும் கேட்டார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம், அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்று சகோதரி மகன்களுக்கே கொடுத்தது. ஒரு தாள் எழுதியிருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.

எழுதுவதும் பெரிய காரியமில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாகவும், உயிலில் பங்கு பெறாதவர்களாகவும் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை; ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள், பின்னால் போலி என்று யாரும் சொல்வது கடினம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; கடைசியாக எழுதியதே செல்லும். குழந்தை பிறந்தால் மாற்றி எழுதி, கூடவே பாதுகாவலர் யார் என்பதையும் சேருங்கள்.

நாமினி இருக்கிறாரே என்று இருந்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. திருமணத்துக்கு முன் பி.எஃப்.பில் கொடுத்த நாமினி நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும், மாற்றியிருக்கிறீர்களா?

மணமாகாத தம்பி இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். அவர் சொத்து முழுவதும் அம்மாவுக்குத்தான். அம்மா இருக்கும்வரை அப்பாவுக்குப் பங்கு கிடையாது.

மாமியாரிடம் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. உயிலை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. எந்த அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்று கணவருக்கும் அம்மாவுக்கும் தெரிந்தால் போதும்.