எதிர்வீட்டு மார்மன் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் யீஷூன் பகுதியில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். எங்கள் தளத்திலேயே இரண்டு அமெரிக்கப் பையன்கள் குடியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. இருந்தவர்களில் ஒருவன் கிளம்பிப்போய், போன வாரம் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். 18 வயதுதான் இருக்கும். லிஃப்டில் பார்த்தால் சிரிக்கிறான், ஆனால் முகம் வாடிக் கிடக்கிறது. ஒரு நாள் கூப்பிட்டுச் சாப்பாடு போட ஆசை. மதம் மாற்றப் பார்ப்பார்கள், வேண்டாம் என்கிறார் என் வீட்டுக்காரர். காப்பி, டீகூடக் குடிக்க மாட்டார்களாமே? என்ன செய்யலாம், ஐயா?

பதில்: தாராளமாகக் கூப்பிடுங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பையன் எந்த நிலையில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். இளவயதில் நானும் அந்தப் பட்டையைக் குத்திக்கொண்டு வெயிலில் அலைந்தவன்தான்.

மார்மன் என்பது பழைய பட்டப்பெயர். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை; 2018 முதல் அந்தப் பெயரையே சொல்லச் சொல்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் வேறு, இவர்கள் வேறு. சிங்கப்பூரில் 1972-ல் பதிவு ரத்தானது அந்தச் சபைக்கு, இதற்கு அல்ல. பக்கத்து வீட்டில் யாராவது குழப்பினால் சொல்லிவிடுங்கள்.

பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு பல பையன்கள் வேற்றூரில் போய்ச் சபையின் நம்பிக்கையைப் பரப்பும் இந்த ஊழியத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆண்களுக்கு 2 ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். எந்த நாட்டுக்குப் போவது என்பது அவர்கள் கையில் இல்லை, தலைமையிலிருந்து அழைப்பு வரும், இப்போது இணையம் வழியாக. அதைத் திறக்கும் நிமிடம்வரை பிரேசிலா, ஜப்பானா, சிங்கப்பூரா என்று தெரியாது. சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பையன் என்றால் மாதம் 500 டாலர் அவனோ அவன் குடும்பமோதான் கட்டுகிறது. ஆள் பிடித்தால் கமிஷன் என்று கோப்பிக் கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்கப் பையன்கள் பெரும்பாலும் யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ நகரப் பயிற்சி நிலையத்தில் சில வாரம் இருந்துவிட்டு வருவார்கள். அங்கே காற்று வறண்டு கிடக்கும். இங்கே இறங்கிய முதல் மணி நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நேர வித்தியாசத்தில் தூக்கம் கெட்டு, விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். எப்படியிருந்தாலும் காலை 6:30-க்கு எழுந்தாக வேண்டும்; பிறகு படிப்பு, ஜெபம், தெரு. இரவு 10:30-க்கு விளக்கணைப்பு. தனியாக ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றால் அதுவும் முடியாது. கூட்டாளியின் கண்ணில், காதில் படும் தூரத்தில்தான் எப்போதும் இருக்க வேண்டும். அந்தக் கூட்டாளி யார் என்பதையும் இங்குள்ள பையன்களுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர்தான் முடிவு செய்வார். ஊரில் சொந்த அறை, கார் என்று வளர்ந்த பையனுக்கு இதுதான் வெயிலைவிடக் கஷ்டம்.

புதியவனை முதல் 12 வாரத்துக்கு ஒரு பழைய கை பயிற்றுவிக்கும். அந்தப் பழைய கைக்கே 19, 20 வயதுதான் இருக்கும் என்பது வேறு விஷயம்!

வீட்டோடு பேசுவதில்லையா என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் போன். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம். பொதுவாகத் திங்கள்கிழமைதான் அவர்களுக்குத் துணி துவைக்க, கடைக்குப் போக, முடிவெட்ட ஒதுக்கிய நாள். சிங்கப்பூரில் திங்கள் காலை என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை; அம்மா, அப்பா, தம்பி தங்கை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அன்று மத்தியானம் பையன் முகம் இன்னும் வாடியிருந்தால் பயப்படாதீர்கள். பேசி முடித்த பிறகுதான் ஏக்கம் கூடும்.

சரி, விருந்துக்கு வருவோம். நீங்கள் மட்டும் வீட்டில் இருக்கும்போது கூப்பிட்டால் அவர்கள் உள்ளே வர மாட்டார்கள். மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் போகக்கூடாது என்பது விதி, வயது வந்த ஆண் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஆகவே வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்த பிறகு, மாலை ஆறரைக்குக் கூப்பிடுங்கள். ஒன்பது மணி வாக்கில் அவர்கள் தங்கள் வீடு திரும்ப வேண்டும். உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தால், "ஐந்து நிமிடம் பார்த்துக்கொள் தம்பி" என்று விட்டுவிட்டு மாவு வாங்க இறங்காதீர்கள், அதற்கும் தடை உண்டு. டிவியை அணைத்துவிடுங்கள்.

காப்பி, டீ, மது, புகையிலை நான்கும் கிடையாது. தே தாரிக்கும் டீதான். மைலோ, பண்டோங், எலுமிச்சைச் சாறு, மோர் எது வேண்டுமானாலும் கொடுக்கலாம். சுக்குத் தண்ணீரில் காப்பித்தூள் இல்லை என்றால் அதுவும் சரி. சாப்பாட்டில் சைவம், அசைவம் என்ற கட்டுப்பாடு இல்லை. முதல் நாளே மீன் தலைக் கறியை எடுத்து வைக்காதீர்கள். இடியாப்பம், தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, கோழி வறுவல் போதும். ஊறுகாயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புதியவன் அதைப் பொரியல் என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்துச் சோற்றின் மேல் போட்டுக்கொள்வான். பக்கத்தில் இருக்கும் பழைய பையன் தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டான், அவனுக்கு அவனுடைய முதல் வாரத்தில் அப்படித்தான் நடந்திருக்கும். இன்னொன்று, போட்டதை மிச்சம் வைக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு பிடிவாதம். தட்டு காலியானால் நாம் மறுபடி போடுவோம், அவன் மறுபடி முடிப்பான். மூன்றாவது தடவை நீங்களே நிறுத்துங்கள்.

கூப்பிடும்போது பட்டையில் இருக்கிறபடி 'எல்டர்' என்று சொல்லிக் குடும்பப்பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால் போதும். உங்கள் வயதுக்குத் 'தம்பி' என்றாலும் தப்பில்லை. ஊர், தம்பி தங்கை, பள்ளியில் என்ன விளையாட்டு என்று கேளுங்கள், வாய் திறந்துவிடுவான். "உங்கள் அப்பாவுக்கு எத்தனை மனைவி" என்ற கேலியை மட்டும் வீட்டுக்காரரிடம் தவிர்க்கச் சொல்லுங்கள். பலதார மணத்தைக் கைவிடுவதாக அந்தச் சபை 1890-ல் அறிவித்துவிட்டது. அந்த நகைச்சுவையை அவர்கள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள்.

இப்போது வீட்டுக்காரரின் கவலை. தங்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேச அவர்கள் கேட்பார்கள். அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்: "சாப்பிட வாருங்கள், மத விஷயம் வேண்டாம்." நம்மில் பலர் முகம் கோணக்கூடாது என்று "பார்க்கலாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்கிறோம். அது அவர்கள் காதில் சம்மதமாகத்தான் விழும். ஆர்வம் காட்டியவர் என்று போனில் குறித்துக்கொள்வார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும், புதிதாக வருகிறவன் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு மறுபடி கதவைத் தட்டுவான். நேராகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கிளம்பும்போது ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கலாம். சரி என்பதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம். உங்கள் சாமி அறையைப் பார்த்து அவர்கள் கேள்வி கேட்டால் தயங்காமல் பதில் சொல்லுங்கள், தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில்தான் கேட்பார்கள்.

பணம் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் வேலை சொல்லலாம். அலமாரி நகர்த்தவோ வீடு மாற்றவோ ஆள் வேண்டும் என்றால் சந்தோஷமாக வருவார்கள். சேவை அவர்கள் வாரக் கணக்கிலேயே உண்டு.

வீட்டு ஏக்கம் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். ஆனால் சாப்பிடவே இல்லை, தூங்கவே இல்லை, பேச்சு குறைந்துகொண்டே போகிறது என்றால் அது வேறு. மூத்த பையனைத் தனியே நிறுத்தி, "உன் மிஷன் தலைவருக்குச் சொன்னாயா?" என்று கேளுங்கள். தலைவரும் அவர் மனைவியும் இந்தப் பிள்ளைகளைக் கவனிக்கவே நியமிக்கப்பட்டவர்கள். மருத்துவ, மனநல உதவிக்கு ஏற்பாடு உண்டு, தேவைப்பட்டால் முன்கூட்டியே ஊர் திரும்பவும் வழி உண்டு. அப்படி ஒருவன் திரும்பினால், ஏன் போனான் என்று இன்னொருவனைத் துருவிக் கேட்க வேண்டாம்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம். இரண்டு வேளை சாப்பிட மாட்டார்கள். அன்று மத்தியானத்துக்குப் பிரியாணி போட்டுவிடாதீர்கள்.