ஜான்ஸ் ஹாப்கின்ஸ்: செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

அன்புத் தங்கைக்கு,

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருப்பதையும், அது தனியார் நிறுவனம் என்றறிந்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் உங்கள் அப்பா தயங்குவதையும் எழுதி, அதன் வரலாறும் மதிப்பும் எத்தகையவை என்று கேட்டிருந்தீர்கள். அரசுக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்கு இடம், தனியாரில் பணத்துக்கு இடம் என்று சேலத்தில் பார்த்துப் பழகியவருக்கு அந்தத் தயக்கம் இயல்பானதே. சேலத்தை விட்டு வந்து மேரிலாந்தில் குடியேறிய நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினேன்.

பால்ட்டிமோர் வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1873இல் இறந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்குமாக 70 லட்சம் டாலரை உயிலில் எழுதி வைத்திருந்தார். 1876இல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. முதல் தலைவரான டேனியல் காய்ட் கில்மன், ஜெர்மனியப் பல்கலைக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு, பாடம் நடத்துவதோடு புதிய அறிவைக் கண்டறிவதும் ஆசிரியரின் கடமை என்று வகுத்தார். அதனால்தான் அமெரிக்காவின் முதல் ஆய்வுப் பல்கலைக்கழகம் என்று இதைச் சொல்கிறார்கள். நீங்கள் சேரப்போகும் முனைவர் பட்டப் படிப்பு இந்நாட்டில் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

பெண் என்பதால் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி அடுத்தது. உயிலின் செல்வத்தில் பெரும்பகுதி ஒரு ரயில்வே நிறுவனத்தின் பங்குகளாக இருந்தது. அவற்றின் வருவாய் நின்றுபோனதால், 1889இல் மருத்துவமனை திறந்த பிறகும் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கப் பணமில்லை. அப்போது மேரி எலிசபெத் காரெட்டும் அவருடைய தோழியரும் நிதி திரட்டி, ஆண்களுக்குரிய அதே தகுதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதைக் கொடுத்தார்கள். 1893இல் தொடங்கிய முதல் வகுப்பிலேயே பெண்கள் இருந்தார்கள். ஆனால் அதே பல்கலைக்கழகம், 1882இலேயே கணித ஆய்வை முடித்துவிட்ட கிறிஸ்டீன் லாட் ஃபிராங்க்ளினுக்கு, பெண் என்ற ஒரே காரணத்தால் பட்டம் மறுத்து, 1926இல்தான் அதை வழங்கியது. இளநிலைப் படிப்பில் பெண்கள் சேர 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை என்று நான் கருதுகிறேன்.

மதிப்பைப் பொறுத்தவரை, தரவரிசைப் பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆய்வுக்குச் செலவிடும் தொகையில் இது பல பத்தாண்டுகளாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலிடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கும் மேல். அதில் கணிசமான பங்கு, 1942இல் தொடங்கிய, இப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தின் (Applied Physics Laboratory) பாதுகாப்பு, விண்வெளித் திட்டங்களுக்குச் செல்கிறது என்பதால், அந்த எண்ணை வைத்து உங்கள் துறையை அளக்கக் கூடாது. உங்கள் துறையோ இந்நாட்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: இங்கே அறிவியல், பொறியியல் முனைவர் பட்ட மாணவர்கள் பொதுவாகக் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை, மாத உதவித்தொகையும் பெறுகிறார்கள். முதுநிலைப் படிப்பாக இருந்தால் கணக்கே வேறு. அதற்குப் பெரும்பாலும் கைப்பணம் போட வேண்டும், வீட்டை அடமானம் வைத்து அதற்கு வரச் சொல்லி நான் யாருக்கும் அறிவுரை கூறமாட்டேன்.

தனியார் என்றாலும், ஆய்வுப் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க ஒன்றிய அரசின் மானியமாகவே வருகிறது. 2025இல் அந்த அரசு வெளிநாட்டு உதவி நிதியை வெட்டியபோது, இப்பல்கலைக்கழகம் உலகெங்கும் 2,000க்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்க நேர்ந்தது. ஆகவே சேர்க்கைக் கடிதத்தில் உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். உங்களை வழிநடத்தப்போகும் பேராசிரியருக்கு எழுதி, அவருடைய மானியம் எப்போது முடிகிறது, அது நின்றால் மாணவரின் உதவித்தொகையைத் துறை ஏற்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். இங்கே அதை யாரும் மரியாதைக் குறைவாக எண்ணமாட்டார்கள். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள். பதில்கள் வந்ததும் அப்பாவோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். அவர் என்னிடம் பேச விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாலை நேரம் எனக்கு வசதிப்படும்.