பத்தாம் திகதிக் காசும் இருபதாம் திகதிக் கடனும்

எங்கள் மலையக நகரத்தின் பிரதான வீதியில் பெரிய நிறுவனமொன்றின் சுப்பர் மார்க்கெட் கிளை திறக்கப்படவுள்ளது. கடைக்காரர்களில் பலர் அதைத் தடுக்க வேண்டும் என்கிறார்கள். தோட்டத்து இளைஞர்களில் பலர் அதை வரவேற்கிறார்கள். சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதி வருபவன் என்பதால், என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் தருகிறேன்.

பிரதான வீதிக் கடைக்காரர் ஒருவர்: ஐயா, நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டு மகஜர் கொடுத்தால் நகர சபை இதை நிறுத்தாதா?

நிறுத்தும் என்ற நம்பிக்கையை நான் உங்களுக்குத் தர விரும்பவில்லை. வர்த்தகப் போட்டி, விலை, பதுக்கல் ஆகியவற்றைக் கவனிப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். ஏற்கெனவே பல கடைகள் இருக்கின்றன என்பதற்காகப் புதிய கடையொன்றைத் தடுக்கும் நோக்கத்தில் அது எழுதப்படவில்லை. நகர சபையின் கையில் இருப்பவை கட்டட அனுமதி, வியாபார உரிமம், வடிகால், குப்பை, வீதி எல்லை போன்றவை. மலைச்சரிவில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடும் வேண்டும்.

ஆகவே மகஜரில் “வரவிடாதீர்கள்” என்று எழுதுவதை விட, பொருள் இறக்கும் லொறிகள் பாடசாலைப் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு முன்பே போய்விட வேண்டும், வாகனங்களைத் தங்கள் காணிக்குள்ளேயே நிறுத்த வேண்டும், கழிவுநீரை வீதிக் கானில் விடக்கூடாது என்று கேளுங்கள். ஒரே ஒரு பிரதான வீதியை நம்பி வாழும் ஊரில் இவை சின்ன விடயங்கள் அல்ல. இவற்றைச் செய்விக்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய வியாபாரம் மலைநாட்டுக்கு அந்நியமானதல்ல. சுப்பர் மார்க்கெட்டுகளை நடத்தும் கார்கில்ஸ் நிறுவனமே 1844இல் கண்டியில் ஒரு பொதுப் பண்டசாலையாகத் தொடங்கியதுதான்.

தோட்டப் பாதையில் கடை வைத்திருக்கும் பெண் ஒருவர்: என்னிடம் வருவோர் பாதிப் பேர் கொப்பிக் கணக்குக்காரர்கள். சுப்பர் மார்க்கெட்டில் கடன் கொடுக்க மாட்டார்கள். அப்படியானால் நான் ஏன் பயப்பட வேண்டும்?

அக்கா, பயப்பட வேண்டிய இடமே அதுதான். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கடையில் ஆணியில் நூல் கட்டித் தொங்கும் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். அட்டையில் தேங்காய் எண்ணெய்க் கறை, உள்ளே பென்சில் எழுத்தில் “பருப்பு கால், சீனி அரை, கோதுமை மா ஒன்று”. அந்தக் கொப்பி ஓடுவது தோட்டச் சம்பள நாட்காட்டியின்படி. 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கைக்கு வருகிறது, பழைய கணக்கில் ஒரு பகுதி தீர்கிறது, மாதத்தின் பிற்பாதியில் மறுபடியும் கடன் ஏறுகிறது. கடனில் விற்ற பொருளுக்கு நீங்கள் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரிக்குக் கொடுக்கும் காசு, கைக்காசுக்கு வாங்குபவர்களிடமிருந்தும், 10ஆம் திகதி தீரும் கணக்கிலிருந்தும்தான் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இது எவருடைய உண்மைக் கணக்கும் அல்ல. மாத விற்பனை 6 இலட்சம். அதில் 3½ இலட்சம் கைக்காசு, 2½ இலட்சம் கடன். நூறு ரூபா விற்றால் எட்டு ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய கடை திறந்த பிறகு, சம்பளம் எடுத்தவர்கள் அந்த வாரச் சாமானை அங்கே கைக்காசுக்கு வாங்குகிறார்கள். உங்கள் கைக்காசு விற்பனையில் ஒரு இலட்சம் குறைகிறது. காசு அங்கே செலவாகிவிடுவதால் பழைய கணக்கிலும் 1½ இலட்சம்தான் வந்து சேர்கிறது. இப்போது உங்கள் கையில் வருவது 4 இலட்சம். விற்ற 5 இலட்சம் ரூபா சாமானுக்கு நீங்கள் மொத்தக் கடைக்குக் கட்ட வேண்டியதோ 4 இலட்சத்து 60 ஆயிரம். விற்பனை ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனாலும் நீங்கள் கொடுத்த பின்திகதியிட்ட காசோலை வங்கியிலிருந்து திரும்பி வருகிறது. நகையை அடகு வைக்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பத்தாம் திகதிக் காசு அங்கே போகிறது; இருபதாம் திகதிக் கடன் உங்களிடமே தங்குகிறது. விலையில் அவர்களோடு போட்டி போட்டுத் தோற்றவர்களை விட இந்த இடைவெளியில் மூழ்கியவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எல்லை வையுங்கள். பழைய கணக்கில் பாதியாவது தீர்ந்த பின்னரே புதிய பக்கம் திறவுங்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே லொறியில் அரிசியும் சீனியும் பருப்பும் எடுங்கள். தனித்தனியே மூட்டை மூட்டையாக எடுப்பவருக்குக் கிடைக்காத விலை லொறி நிறைய எடுப்பவருக்குக் கிடைக்கும். பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நன்றாக நடந்த காலத்தில் அவற்றின் பலமும் இதுவாகத்தான் இருந்தது.

உயர்தரம் முடித்த தோட்டத்து இளைஞர் ஒருவர்: எங்களுக்கு வேலை கிடைக்கும் என்பதற்காகவாவது ஆதரிக்கக் கூடாதா?

ஆதரிக்கலாம், தம்பி. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் என்றால் மேலதிகக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இவை சிறிய கடைக்கும் பொருந்தும். ஆனால் எங்கள் கடைகளில் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை நின்று, சேமலாப நிதி இலக்கமே இல்லாமல் பத்து வருடம் வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கணக்கை எழுதியவன் என்ற முறையில் அது என் மனதை இன்றும் வருத்துகிறது. பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள் என்று குறைப்படும் முதலாளிமார் இதை முதலில் சரிசெய்ய வேண்டும். நீங்களும் சேரும்போது நியமனக் கடிதத்தைக் கையில் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கந்தப்பளை மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர்: அவர்கள் எங்கள் கரட்டையும் லீக்ஸையும் நேரடியாக வாங்குவார்களா?

நகரத்துக் கிளை பெரும்பாலும் வாங்காது. சேகரிப்பு நிலையங்கள் வழியாகவே வாங்குவார்கள். கார்கில்ஸ் 1999இல் ஹங்குராங்கெத்தையில் அத்தகைய நிலையமொன்றைத் தொடங்கியது. எடை சரியாக இருக்கும், காசும் ஒழுங்காக வரும் என்பது நன்மை. ஆனால் அளவும் நிறமும் பார்த்துத் தரம் பிரிப்பதால், முறிந்த கரட்டும் வளைந்த கரட்டும் உங்கள் சாக்கிலேயே திரும்பி வரும். அந்த மீதியை யாருக்கு விற்பது என்பதைத் தீர்மானிக்காமல் முழு விளைச்சலையும் ஒரே இடத்துக்கென்று ஒதுக்காதீர்கள். அதை வாங்கப்போவது நகரத்துச் சிறு கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: விலை உண்மையிலேயே குறையுமா?

சில பொருட்களில் குறையும். விளம்பரத்தில் வரும் விலை ஒன்று, கூடையில் சேரும் விலை வேறொன்று; நீங்கள் மாதாமாதம் வாங்கும் பன்னிரண்டு பொருட்களை எழுதி இரண்டு இடத்திலும் கூட்டிப் பாருங்கள். பஸ் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் எந்தக் கடை வாங்கினாலும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் நுகர்வோர் அதிகாரசபையிடம் முறையிடலாம்.

லயத்தில் வசிக்கும் தாய் ஒருவர்: கடையில் 38,000 ரூபா நிலுவை இருக்கிறது. மகள் சுப்பர் மார்க்கெட் பையோடு வந்தால் கடைக்கார அண்ணன் முகம் கொடுக்கமாட்டார். நாங்கள் என்ன செய்வது?

அவருடைய கோபம் பையைப் பார்த்து வந்ததல்ல. 2022இல் நாட்டில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிய மாதங்களில், நேற்றுக் கடன் கொடுத்த விலைக்கு இன்று சாமான் எடுக்க முடியாமல் தவித்தும் கொப்பியை மூடாதவர்கள் அவரைப் போன்ற சிறு கடைக்காரர்கள். உங்கள் நிலைமையும் எனக்குப் புரிகிறது. விலை குறைந்த இடத்தில் வாங்குவது குற்றமல்ல. சம்பளம் எடுத்த அன்றே, வேறெங்கும் போகும் முன், அவரிடம் போய் மாதம் 4,000 ரூபா கட்டுவதாகச் சொல்லுங்கள். பத்து மாதத்துக்குள் தீர்ந்துவிடும். கணக்கு அவர் கொப்பியில் மட்டும் இருக்க வேண்டாம். உங்களிடமும் ஒரு கொப்பி இருக்கட்டும். கட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டிலும் திகதி போட்டு, இருவரும் கையெழுத்து வையுங்கள். மகளையும் கூட அழைத்துச் சென்று, கூட்டலை அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.