படகு வருமா, வராதா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

லிஸ்பனில் மேற்படிப்பு படிக்கிறேன். கடலுக்குப் போன என் அண்ணன் கரை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்கிறார் மாமா. அம்மாவோ, "அவன் வருவான்" என்று கதவைத் தாழிடாமல் படுக்கிறார். இங்கே அல்ஃபாமா என்ற பழைய பகுதியில், ஃபாடோ என்னும் போர்ச்சுகீசியச் சோகப் பாடல்கள் பாடும் ஒரு விடுதியில், பாடகி அமாலியா ரோட்ரிகஸ் பாடிப் புகழ்பெற்ற 'பார்க்கு நேக்ரு' (கருப்புப் படகு) பாட்டைக் கேட்டேன். அதில், படகில் போன காதலன் வரமாட்டான் என்கிறார்கள் கடற்கரைக் கிழவிகள்; அவர்களுக்குப் பைத்தியம் என்கிறாள் காதலி. அந்த இடத்தையே இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு அழுகிறேன். பாட்டை விட்டுவிடவா? அம்மாவிடம் என்ன சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டை விட வேண்டாம். கேட்கும் விதத்தை மாற்றுங்கள்.

'பைத்தியம்' என்ற இடத்தோடு அது முடிவதில்லை. அதன்பின் அவள் படகைத் தேடுவதில்லை. ஜன்னல் கண்ணாடியில் மணலை வீசும் காற்று, பாடும் தண்ணீர், அணையப்போகும் நெருப்பு, ஆளில்லாத இருக்கைகள், கடைசியில் தன் நெஞ்சு என்று அவன் இருக்குமிடங்களைச் சொல்லிக்கொண்டே போகிறாள். பாறைமேல் சிலுவையை முன்பே பார்த்தவள்தான் அவள். இந்த மெட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரேசிலில், தன் அன்புக்குரியவன் சவுக்கடி படும்போது எஜமானின் பிள்ளையைத் தாலாட்டும் கறுப்பினத் தாயைப் பற்றிய பாட்டாகத்தான் இது முதலில் இருந்தது. அந்த வரிகளைப் போர்ச்சுகல் தணிக்கை தடுத்ததால் டேவிட் மோராவ் ஃபெரெய்ரா புதிய வரிகள் எழுதினார். 1955இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் அமாலியா அதைப் பாடினார். வாய்விட்டு அழ இடமில்லாத துக்கம் தொடக்கத்திலிருந்தே இந்த மெட்டில் இருக்கிறது.

போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், இப்படிப்பட்ட துயரத்தைத் தெளிவற்ற இழப்பு என்றார். உடல் கிடைக்காதபோது மனம் முடிவுக்கு வர முடியாமல் தவிப்பது நோயல்ல. 'வந்துவிடுவார்', 'இறந்துவிட்டார்' என ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நெருக்கும்போதுதான் வீடு இரண்டாகிறது.

பாட்டை மாலையில், ஒரே ஒருமுறை, கடைசி வரி வரை கேளுங்கள். ஒரே இடத்தைச் சுற்றவிட்டால் மனமும் அங்கேயே சுற்றும். படுக்கையில் கேட்டால் தூக்கம் போகும். முடிந்ததும் அண்ணன் உங்களிடம் விட்டுப்போன ஒரு பழக்கத்தை, ஒரு சொல்லை எழுதுங்கள். பிறகு எழுந்து பதினைந்து நிமிடம் நடங்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். "அண்ணன் வரலாம், வராமலும் போகலாம், எதுவானாலும் நான் இருக்கிறேன்மா" என்றால் போதும். காரியத்தைத் தள்ளிவைக்க மாமாவிடம் கேளுங்கள். அண்ணன் பிறந்தநாளில் மாலை போடாத படத்துக்கு முன் விளக்கேற்றலாம். அதற்கு இருவருமே சம்மதிக்கக்கூடும். 7 ஆண்டுகள் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கருத இந்தியச் சட்டம் இடம் தருகிறது. சொத்து, உதவித்தொகை விவகாரங்களுக்கு அது தேவைப்படலாம். அதற்கான தாள்களில் கையெழுத்திட்டால் மகனைக் கைவிட்டதாக ஆகாது என்று அம்மாவுக்கு முன்பே விளக்குங்கள்.

சில வாரங்களாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, உயிரை விடத் தோன்றினாலோ காத்திருக்காதீர்கள். போர்ச்சுகலில் அரசு சுகாதார உதவி எண் 808 24 24 24, அவசரத்துக்கு 112. அம்மாவுக்கு இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.