“மொக்கை” என்று போட்டது தப்பா அக்கா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன் அக்கா. நாங்கள் நாலு பேர் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிப்போம். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ முதல் பாகத்தை மூன்றே நாளில் முடித்தேன். இரண்டாம் பாகமான ‘கேச்சிங் ஃபயர்’ பாதி வரைக்கும் நகரவே இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் “மொக்கை” என்று போட்டுவிட்டேன். ஒருத்தி “உனக்குப் புரியல” என்கிறாள். இன்னொருத்தி, கதையில் வரும் பீட்டாவைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக முகம் கொடுத்தே பேசுவதில்லை. இதற்கு நடுவில், பள்ளி நூலகத்தில் அதே புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டார் மிஸ். மனதில் பட்டதைச் சொல்லவா, அவர்களுக்காக நல்லதாக நாலு வார்த்தை சொல்லவா?

பதில்: மனதில் பட்டதையே சொல் தங்கச்சி. கணக்கும் உன் பக்கம்தான் இருக்கிறது. இரண்டு பாகங்களிலும் 27 அத்தியாயங்கள். பிள்ளைகளைக் களத்தில் இறக்கி ஒருவரையொருவர் கொல்லவிடும் அந்தப் போட்டி, முதல் பாகத்தில் 11-ஆம் அத்தியாயத்திலேயே தொடங்கிவிடும். இரண்டாவதில் 19 வரை காத்திருக்க வேண்டும். முதல் பாகத்தின் வேகத்தோடு உள்ளே போனவளுக்கு “எப்பதான் ஆரம்பிப்பாங்க” என்று தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் “மொக்கை” என்பதோடு நிறுத்தினாய் பார், அங்கேதான் சண்டை வந்தது. அந்த வார்த்தைக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. கோபித்துக்கொள்ளத்தான் முடியும். எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது, அங்கே நீ எதை எதிர்பார்த்தாய் என்று சொல்லியிருந்தால், “உனக்குப் புரியல” என்றவளும் தனக்குப் புரிந்தது என்ன என்று விளக்கியாக வேண்டும்.

சரி, உன் பக்கம் பேசிவிட்டேன். இப்போது அந்தப் புத்தகத்தின் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். (முதல் பாகமே படிக்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

நீ அலுத்துப்போன அந்தப் பாதியில், போட்டியில் ஜெயித்தவர்களை மாவட்டம் மாவட்டமாக அழைத்துப்போகும் வெற்றிச் சுற்றுப்பயணம் வருகிறதே, அதில் 11-ஆம் மாவட்டத்தை மட்டும் இன்னொரு தரம் படித்துப் பார். முதல் பாகத்துப் போட்டியில் செத்துப்போன சின்னப் பெண் ரூவின் குடும்பம் எதிரே நிற்கிறது. கதாநாயகி காட்னிஸ் ரூவைப் பற்றி நன்றியோடு பேசி முடிக்கிறாள். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் ரூவின் நாலு சுர மெட்டைச் சீட்டியடிக்கிறார். மொத்தக் கூட்டமும் மூன்று விரலை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறது. அடுத்த சில நிமிஷத்தில் அந்தக் கிழவரை எல்லோர் கண்முன்னாலும் சுட்டுக் கொல்கிறார்கள். முதல் பாகத்தில் வழியனுப்பும் மரியாதையாக இருந்த சைகை, இங்கே உயிரைப் பறிக்கிற குற்றமாகிவிடுகிறது. 2014-இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஜனங்கள் தெருவில் உயர்த்தியது இதே மூன்று விரல்களைத்தான். 2021-இல் மியான்மரிலும் உயர்த்தினார்கள். கதையில் களம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. நீ களத்தைத் தேடிக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

அப்புறம் அந்தச் சீட்டு எடுக்கும் காட்சி. 25 வருஷத்துக்கு ஒரு முறை போட்டிக்குத் தனி விதி உண்டு. இது 75-ஆவது போட்டி என்பதால், ஏற்கெனவே ஜெயித்தவர்களிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். 12-ஆம் மாவட்டத்தில் ஜெயித்தவர்களில் இப்போது இருக்கிற பெண் காட்னிஸ் ஒருத்திதான். அவ்வளவு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கிடப்பது ஒரே ஒரு சீட்டு. அதில் யார் பெயர் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் சீட்டு எடுக்க வந்த எஃபி கையை விட்டுத் துழாவித் துழாவி அதைத் தேடி எடுக்கிறாள். எனக்கு இந்தப் புத்தகத்திலேயே வயிற்றைப் பிசைந்த இடம் அதுதான். அத்தனை பொறிகள் இருக்கும் களத்தில்கூட அப்படி இல்லை.

பீட்டா விவகாரத்துக்கு வருவோம். காட்னிஸுக்கு ஏற்றவன் அவளோடு போட்டியில் ஜெயித்த பீட்டாவா, ஊரில் அவளோடு வேட்டைக்குப் போகும் தோழன் கேல்தானா என்று கட்சி கட்டுவது உங்கள் குரூப்பில் புதிதாக முளைத்தது இல்லை. புத்தகம் வந்த 2009-லிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. உன் தோழிக்கு அது காதல் கதை. உனக்கு அது வேகத்தடை. ஆனால் அதிபர் ஸ்னோ வீடு தேடி வந்து காட்னிஸிடம் என்ன கேட்கிறார்? நீ பீட்டாவைக் காதலிப்பதாக ஊரை நம்ப வை, என்னையும் நம்ப வை என்கிறார். இங்கே காதலே அரசாங்க உத்தரவு. அவளுக்கே தன் மனசு எது, நடிப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இதை வைத்து உன் தோழியோடு பேச்சை ஆரம்பி. பீட்டாவைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னவென்று நீ எழுதவில்லை. கடுமையானது என்றால் அதற்கு மட்டும் ஒரு ஸாரி சொல்லிவிடு. புத்தகம் பிடிக்காததற்கு ஸாரி சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், எனக்கும் ஒரு குறை உண்டு. உன் குறைக்கு நேர் எதிர். கடைசி ஒன்பது அத்தியாயத்தில் எல்லாம் ஓட்டமாக ஓடுகிறது. வயதானவர்கள், மனம் உடைந்தவர்கள் என்று எத்தனையோ பழைய வெற்றியாளர்கள் வருகிறார்கள். சிலர் முகம் மனதில் பதிவதற்குள் செத்துப்போகிறார்கள். களத்தையே கடிகாரம் போல அமைத்த அந்த யோசனைக்காக மன்னித்துவிட்டேன்.

ஐந்து நிமிஷத்துக்கு இவ்வளவும் தாங்காது. முதல் ஒரு நிமிஷம் 11, 19 கணக்கைச் சொல். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு உனக்கு அலுத்த ஒரு பக்கத்தையும், பிடித்த ஒரு பக்கத்தையும் வாசித்துக் காட்டு. “உனக்குப் புரியல” என்றவளை முன்கூட்டியே கேட்டு, அவள் கருத்தையும் அவள் பெயரோடே சொல்லு. முடிந்தால் அவளையே எழுந்து சொல்ல வை.

புத்தகத்தின் கடைசி வரியை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. 2009-இல் அதைப் படித்தவர்கள் அடுத்த பாகத்துக்காக ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உனக்கு மூன்றாவது பாகம் அதே அலமாரியில் இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கைக்குப் போவதற்குள் எடுத்துவிடு.